1,560 பவுண்டு மார்லின்: காபோ பிளாங்கோவின் பதினைந்து ஆண்டுகள்

1953 ஆகஸ்ட் 4 அன்று, பெரு நாட்டின் வடமேற்குக் கரையில் காபோ பிளாங்கோ என்ற மீனவ ஊருக்கு வெளியே, ஹூஸ்டனைச் சேர்ந்த எண்ணெய்த் தொழிலதிபர் ஆல்ஃபிரட் கிளாசல் ஒரு கருப்பு மார்லினைத் தூண்டிலில் பிடித்தார். எடை 1,560 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 708 கிலோ. நீளம் சுமார் பதினாலரை அடி. உடம்பின் சுற்றளவு 6 அடி 9 அங்குலம். இரையைக் கவ்வியதிலிருந்து படகோரம் வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ.வின் பட்டியலில் கருப்பு மார்லினுக்கு இன்றும் அதுதான் உச்ச எடை. சுறாக்களை விட்டுவிட்டால், அந்தப் பட்டியலில் அதைவிடக் கனமான மீனே கிடையாது.

மார்லின் என்றால் நம் வாசகர்கள் பலருக்கு உருவம் கண்ணில் வராமல் இருக்கலாம். தூத்துக்குடியிலும் காசிமேட்டிலும் ஏலத்துக்கு வருகிற மயில்மீனின் குடும்பம்தான். அதே ஈட்டி மூக்கு. ஆனால் முதுகில் பாய் மாதிரி விரிகிற துடுப்பு இல்லை. உடம்பு பல மடங்கு பருமன். கருப்பு மார்லின் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் வாழ்கிறது, நம் வங்கக் கடலுக்கும் வருகிறது. மார்புத் துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்க முடியாமல் விறைப்பாக நீட்டிக்கொண்டிருப்பதை வைத்து மற்ற மார்லின்களிலிருந்து இதைப் பிரித்துச் சொல்வார்கள். இதில் ஆண்மீன் 200 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். ஆயிரம் பவுண்டு, ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு என்று பேசப்படுபவை பெண்மீன்கள்தான்.

கிளாசலின் மீனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் பிடித்தவரின் துணிச்சலையும் தசை வலிமையையும் பற்றி. எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. 1950களின் தொடக்கத்தில், உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத அளவு பெரிய மார்லின்கள் அந்த ஒரே கரையில் அடுத்தடுத்துக் கிடைத்தன. பதினைந்து ஆண்டுக்குள் அதே கரையில் அவை கிடைப்பது நின்றேபோனது. அந்த 1,560 பவுண்டைப் புரிந்துகொள்ள, மீன் ஏன் அங்கே இருந்தது, அதை எப்படிப் பிடித்தார்கள், பிறகு எதனால் போனது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு நீர் சந்திக்கும் இடம்

பெருவின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்காக ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுகிறது. குளிர்ந்த நீர். கரையோரக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து இன்னும் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே ஏறி வருகிறது. அந்தச் சத்தில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று நெத்திலி பெருகுகிறது. பெருவின் நெத்திலியான அஞ்சோவெட்டா அளவுக்கு ஒரே இனமாகக் கூட்டம் கூடுகிற மீன் உலகில் அபூர்வம். அதைத் தின்னக் கானாங்கெளுத்தி வகைகள், சூரை, கணவாய், கடற்சிங்கம், கடற்பறவைகள் என்று ஒரு பெரும் படையே அந்தக் கரையில் வாழ்கிறது.

தென் அமெரிக்க நிலப்பரப்பின் மேற்குக் கோடி பரினாஸ் முனை. காபோ பிளாங்கோ அதற்குச் சற்று வடக்கே, நிலநடுக்கோட்டிலிருந்து 4 பாகைக்குக் கொஞ்சம் அதிகமான தெற்கில் இருக்கிறது. இந்தப் பகுதியில் கரை உள்வாங்கி வளைய, குளிர்ந்த நீரோட்டம் கரையை விட்டு மேற்கே திரும்பிவிடுகிறது. வடக்கே எக்குவடோர் பக்கத்திலிருந்து வெப்பமண்டலத்தின் வெதுவெதுப்பான நீர் இறங்கி வருகிறது. குளிரும் சூடும் உரசும் அந்த எல்லை கரையிலிருந்து படகில் எளிதாகப் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கிறது. கண்டத் திட்டும் அங்கே குறுகல், கொஞ்ச தூரத்திலேயே ஆழம் வந்துவிடும்.

மார்லின் சூடான நீரை விரும்புகிற மீன். தீனியோ குளிர்ந்த பக்கத்தில் குவிந்திருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொள்கிற கோட்டில் வந்து நின்றால் அதற்கு இரண்டும் கிடைக்கும். குளிர்ந்த நீருக்குள் கொஞ்ச நேரம் பாய்ந்து வேட்டையாட அதன் உடம்பில் ஒரு வசதியும் உண்டு: மார்லின் குடும்பத்து மீன்களுக்குக் கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று வெப்பம் உண்டாக்கும் உறுப்பாக மாறியிருக்கிறது. சுற்றியுள்ள நீர் குளிர்ந்தாலும் மூளையும் கண்ணும் சூடாகவே இருக்கும், இரையைக் கூர்மையாகப் பார்க்க முடியும். காபோ பிளாங்கோ போன்ற எல்லைக் கடலுக்கென்றே செய்த மீன் என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவு பெரிய மீன் நீர் மட்டத்திலேயே, வாலின் நுனி வெளியே தெரிய, மெல்ல மிதந்து போகும். அங்கே நடந்த மீன்பிடியின் அடிப்படையே இந்தப் பழக்கம்தான். மற்ற இடங்களில் நாள் முழுக்க இரையை இழுத்துக்கொண்டு கண் தெரியாமல் அலைவார்கள். காபோ பிளாங்கோவிலோ, படகின் உயரமான மேடையில் நிற்பவர் முதலில் மீனைக் கண்ணால் பார்ப்பார். பார்த்த பிறகு படகைச் சுற்றிக் கொண்டுவந்து இரையை மீனின் முகத்துக்கு முன்னால் கடக்கச் செய்வார்கள். மீன் எவ்வளவு பெரிது என்பது தூண்டில் போடும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும். பெரிய மீனைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்க முடிந்ததற்கு இது ஒரு காரணம்.

கிளப்பும் விதிகளும்

பக்கத்தில் தலாரா, லோபிதோஸ் எண்ணெய் வயல்கள். அங்கே வேலை பார்த்த வெளிநாட்டவர்கள் ஓய்வு நேரத்தில் தூண்டில் போடப் போய், இந்தக் கடலின் பெருமை வெளியே தெரிய ஆரம்பித்தது. 1951இல் காபோ பிளாங்கோ மீன்பிடிக் கிளப் உருவானது. கிளாசல் அதன் நிறுவனர்களில் ஒருவர். உறுப்பினர்கள் மிகச் சிலர், பணம் நிறைய உள்ளவர்கள். கடற்கரையில் தங்கும் விடுதி, ‘மிஸ் டெக்சஸ்’ முதலான படகுகள், உள்ளூர் ஆட்களைக் கொண்ட படகோட்டிகள் குழு.

அந்த உள்ளூர் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சாதனைப் பட்டியலில் பிடித்தவர் பெயர் இருக்கும், இடம் இருக்கும், நாள் இருக்கும். மேடையில் நின்று வாலைப் பார்த்தவர் யார், இரையைத் தைத்தவர் யார், கடைசியில் கம்பியைக் கையால் பிடித்து மீனை இழுத்தவர் யார் என்பது இருக்காது. தலைமுறை தலைமுறையாகக் காபோ பிளாங்கோ மீனவர்கள் பாய் கட்டிய படகில் அந்தக் கடலுக்குப் போய்வந்தவர்கள். நீர் எங்கே நிறம் மாறும், எந்த மாதத்தில் எல்லை கரையை நெருங்கும் என்பதெல்லாம் அவர்களுடைய அறிவு. விமானத்தில் வந்து இறங்குகிற விருந்தாளி அந்த அறிவை வாடகைக்கு எடுத்துக்கொண்டார் என்பதுதான் உண்மை நிலவரம்.

விதிகளுக்கு வருவோம். ஐ.ஜி.எஃப்.ஏ. 1939இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்டது. அதன் கணக்கில் ஒரு மீன் சாதனையாக ஏற வேண்டுமானால், பிடிப்பவர் ஒருவரே முழுக்கச் சமாளிக்க வேண்டும். முள்ளை ஒட்டியிருக்கும் கம்பி கைக்கு எட்டும்வரை வேறு யாரும் கழியையோ ரீலையோ நரம்பையோ (தூண்டில் நூலையோ) தொடக் கூடாது. தோள்வாரைக் கழியோடும் ரீலோடும் மாட்டிக்கொள்ளலாம், படகில் உட்காரும் நாற்காலியோடு கட்டக் கூடாது. நரம்பின் வகுப்புக்கு, அதாவது அறுந்துபோகாமல் அது தாங்கும் இழுவைக்கு, உச்சவரம்பு 130 பவுண்டு. மீனைக் கரை சேர்க்கும் முன் சுறா கடித்துச் சதை போயிருந்தால் அது கணக்கில் சேராது.

கடைசி விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு அதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. 1930இல் பசிபிக் தீவான டஹிட்டியில் அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே பிடித்த மார்லின், சுறாக்கள் வாலருகே பெரிய துண்டுகளைப் பிய்த்த பிறகும் 1,040 பவுண்டு இருந்தது. முழு மீன் எவ்வளவு இருந்திருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள். இன்றைய விதிப்படி அது சாதனையாக ஏறவே முடியாது. அதனால் விதிக்குட்பட்டுத் தூண்டிலில் பிடித்த முதல் ஆயிரம் பவுண்டு மீன் என்ற பெருமை காபோ பிளாங்கோவுக்கே வந்தது: 1952 ஏப்ரலில் கிளாசல் பிடித்த 1,025 பவுண்டு கருப்பு மார்லின். அடுத்த ஆண்டே அவர் தன் கணக்கைத் தானே 500 பவுண்டுக்கு மேல் தாண்டினார்.

ஒன்றே முக்கால் மணி நேரம்

700 கிலோ மீனை 130 பவுண்டு நரம்பில் எப்படிப் பிடிக்க முடியும்? இந்த விளையாட்டைத் தெரியாதவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். 130 பவுண்டு என்றால் 59 கிலோ. மீனின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

நீருக்குள் மீனுக்குத் தூக்க வேண்டிய எடை என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. நரம்பு சமாளிக்க வேண்டியது மீனின் இழுவையை. ரீலில் ஒரு பிரேக் இருக்கிறது. அதை நரம்பு தாங்கும் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வைப்பது வழக்கம், அதாவது சுமார் 20 கிலோ. அதைவிடப் பலமாக மீன் இழுத்தால் ரீல் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும், அறுந்துபோகாது. மீன் ஓட ஓட அந்த 20 கிலோ சுமையை இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். கூடவே, நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பு நீரில் வளைந்து கிடக்கும்போது அதைப் பக்கவாட்டில் இழுப்பதே தனிச் சுமை. மீன் திசை மாறும்போதெல்லாம் இந்தச் சுமை எகிறும். நரம்பு அறுவது பெரும்பாலும் அப்போதுதான். அதனால்தான் ரீலை மட்டும் சுற்றிப் பயனில்லை. படகோட்டி மீனின் ஓட்டத்தைக் கணித்து, படகைத் திருப்பி, பின்னோக்கி நகர்த்தி, நரம்பில் வளைவு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல படகோட்டி இல்லாமல் இந்த அளவு மீன் படகோரம் வராது. என்னைக் கேட்டால் பாதிச் சாதனை அவருடையது.

அன்றைக்கு இரை கானாங்கெளுத்தி வகை மீன் ஒன்று. மார்லின் அதை எடுத்ததும் ஓட ஆரம்பித்து, திரும்பத் திரும்ப நீரை விட்டு மேலே எழும்பியது. மொத்தம் 49 முறை தாவியதாகக் கணக்கு. சண்டை அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கான பதில் இந்த எண்ணில் இருக்கிறது.

மார்லினின் உடம்பில் பெரும்பகுதி வெண்தசை. வெடிப்பாகப் பாய்வதற்கான தசை அது. பிராணவாயு இல்லாமலேயே கொஞ்ச நேரம் முழு வேகத்தில் வேலை செய்யும், அதன் விலையாக லாக்டிக் அமிலம் சேரும். நிதானமாக நீந்தும் மீன் அந்தக் கழிவைச் சமாளித்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடும். 700 கிலோ உடம்பை ஐம்பது முறை நீரிலிருந்து மேலே கிளப்புகிற மீன் தன் கையிருப்பையெல்லாம் முதல் மணி நேரத்திலேயே செலவழித்துவிடுகிறது. இதே மீன் தாவாமல் நேராக ஆழத்துக்கு இறங்கியிருந்தால் கதை வேறு. ஆழத்தில் செத்துப்போன மார்லின் வெறும் பாரம். அதை அங்குலம் அங்குலமாக மேலே தூக்க வேண்டும். அதற்குள் சுறாக்கள் வந்துவிடும். அரை நாள் போராடி ஒன்றும் கிடைக்காமல் போனவர்கள் இந்த விளையாட்டில் ஏராளம்.

ஆக, கிளாசலுக்கு வாய்த்தது மேல்மட்டத்திலேயே சண்டை போட்ட மீன். அதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். மீன் தாவும்போது நரம்பில் தளர்வு விழாமலும் இறுக்கம் கூடிவிடாமலும் ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்துக்கொள்வது கைக்கும் முதுகுக்கும் பெரிய வேலை. ஒவ்வொரு தாவலிலும் மீன் தலையை உதறும். முள் கழன்று தெறிக்க அதுதான் நேரம். 49 முறையும் முள் நின்றது.

அந்தத் தாவல்கள் படச்சுருளில் பதிவாயின. எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் கியூபா மீனவர் கதையைப் படமாக்கியபோது, மார்லின் காட்சிக்காக 1956இல் அவரும் படக்குழுவும் காபோ பிளாங்கோவுக்கே வந்தார்கள். கதைக்கு வேண்டிய அளவு பெரிய மீன் அவர்களுக்குச் சிக்கவில்லை. 1958இல் வெளியான படத்தில் கிளாசலின் மீன் தாவும் காட்சிகளைத்தான் சேர்த்தார்கள். பாடம் செய்யப்பட்ட மீன் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

கிளாசல் மட்டும் ஒற்றை ஆளாக இதைச் செய்திருந்தால் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எட்டே மாதத்தில், 1954 ஏப்ரல் 22 அன்று கிம்பர்லி விஸ் அங்கே 1,525 பவுண்டு கருப்பு மார்லினைப் பிடித்தார். பெண்கள் பிடித்த மார்லின்களில் அதைத் தாண்டியது இன்றுவரை இல்லை. கிளாசலின் மீனுக்கும் அதற்கும் வித்தியாசம் 35 பவுண்டுதான். அவர் பெயர் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் 1,235 பவுண்டு மீனோடு வந்தார். 1957 ஏப்ரலில் 435 பவுண்டு பெருங்கண் சூரை ஒன்று அங்கேயே கிடைத்தது; பசிபிக் பெருங்கண் சூரைக்கு அது சாதனை. ஒரே கரையில், சில ஆண்டுகளுக்குள், இரண்டு இனங்களுக்கு உச்ச எடை. பிடித்தவர்கள் வேறு வேறு ஆட்கள், மாறாமல் இருந்தது கடல்.

மீன் போனது எதனால்

1960களில் ஆயிரம் பவுண்டு மீன்கள் அரிதாயின. அந்தப் பத்தாண்டின் முடிவில் கிளப் ஆளில்லாமல் போனது. யார் காரணம் என்பதில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் காலக்கணக்கோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் அரசியல். 1968 அக்டோபர் 3 அன்று ஜெனரல் வெலாஸ்கோ ஆட்சியைப் பிடித்தார், ஒரு வாரத்துக்குள் தலாராவில் அமெரிக்க நிறுவனத்தின் எண்ணெய் வளாகத்தை ராணுவம் கையில் எடுத்தது. அமெரிக்கப் பணக்காரர்கள் வந்து தங்கும் கிளப்புக்கு அது நல்ல சூழல் இல்லைதான். ஆனால் மீன்கள் குறைந்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே. கிளப்பின் கதவு மூடியதற்கு அரசியல் ஒரு காரணமாக இருக்கலாம், கடல் வெறுமையானதற்கு இல்லை.

அடுத்தது நெத்திலி. 1950களில் பெருவில் மீன்மாவு ஆலைகள் முளைத்தன. நெத்திலியை அரைத்துக் காயவைத்துக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக ஏற்றுமதி செய்தார்கள். 1960களில் பிடி அளவில் உலகத்திலேயே முதல் மீன்பிடி நாடாகப் பெரு ஆனது. 1970இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்தார்கள். 1972-73 எல் நினோவில், அதாவது அந்தக் கரையின் மேல்நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் ஆண்டில், எல்லாம் சரிந்தது. மார்லின் மறைந்ததற்குப் பலரும் சொல்கிற காரணம் இந்தச் சரிவுதான். ஆனால் சரிவு 1972இல், மார்லின் குறைந்தது அதற்கு முன். போதாததற்கு மீன்மாவுத் தொழிலின் தலைநகரான சிம்போத்தே காபோ பிளாங்கோவுக்குத் தெற்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

அதனால் நெத்திலியைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா என்றால், கூடாது. சரிவதற்கு முன்னால் பத்து ஆண்டுகள் அள்ளியதே ஒரு பாதிப்பு. அதற்குக் கடற்பறவைகள் சாட்சி. பெருவின் தீவுகளில் எச்சம் சேர்க்கும் பறவைகள் நெத்திலியை நம்பி வாழ்பவை. 1957, 1965 எல் நினோக்களில் நெத்திலி ஆழத்துக்குப் போய்விட, பறவைகள் கோடிக்கணக்கில் பட்டினியால் செத்தன. எல் நினோ முடிந்து பழையபடி பெருகுவது அவற்றின் இயல்பு. 1965க்குப் பிறகு அப்படிப் பெருகவில்லை, ஏனென்றால் அவை தின்ன வேண்டியதை ஆலைகள் எடுத்துக்கொண்டிருந்தன. பறவைக்கு நடந்தது கானாங்கெளுத்திக்கும் கணவாய்க்கும் கொஞ்சமாவது நடந்திருக்கும், அவற்றைத் தின்னும் மார்லினுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது, ஆயிரங்கால் தூண்டில். தூத்தூர் மீனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் முட்கள். ஜப்பானியச் சூரைக் கப்பல்கள் இந்த முறையோடு மேற்குப் பசிபிக்கிலிருந்து கிழக்கே நகர்ந்து 1956 வாக்கில் கிழக்குப் பசிபிக்கில் நுழைந்தன. 1960களின் முற்பாதியில் அந்தக் கடலின் வெப்பமண்டலப் பகுதி முழுவதும் பரவிவிட்டன. அவர்களுடைய குறி சூரை, ஆனால் அதே ஆழத்தில் அதே இரையைத் தேடும் மார்லினும் கூடவே மாட்டும். பெரிய மார்லின் ஒரே கரையில் தங்குகிற மீன் இல்லை. ஆஸ்திரேலியாவில் அடையாளம் குத்தி விட்டவை பசிபிக்கின் தொலைதூரப் பகுதிகளில் பிடிபட்டிருக்கின்றன. காபோ பிளாங்கோவுக்கு வந்து சேரும் முன் அது கடக்க வேண்டிய கடலெல்லாம் முள்ளாக இருந்தால், கரையில் காத்திருப்பவருக்குக் கிடைப்பது குறையத்தான் செய்யும். அதிலும் 700 கிலோ பெண்மீன் என்பது பல ஆண்டுகள் தப்பிப் பிழைத்து வளர்ந்த ஒன்று. மொத்த மீன்பிடி கூடும்போது முதலில் அரிதாவது இந்த வயதான மீன்கள்தான்.

காலக்கணக்கு மிகச் சரியாகப் பொருந்துவது இந்த மூன்றாவது காரணத்துக்கு. என் முடிவு இது: ஆயிரங்கால் தூண்டில் முதிர்ந்த மீன்களைக் குறைத்தது, மீன்மாவுத் தொழில் அவை அந்த எல்லையில் வந்து கூடுவதற்கான தீனியைக் குறைத்தது, எல் நினோ ஆண்டுகளில் குளிர்-வெப்ப எல்லையே இடம் மாறிப்போனது. காபோ பிளாங்கோ ஒரு விளிம்பு. விளிம்பில் இருப்பதால் அங்கே எல்லாம் குவிந்தது, விளிம்பில் இருப்பதால் எந்த மாற்றமும் அங்கே முதலில் தெரிந்தது. இதில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

கெய்ர்ன்ஸ் என்ன செய்தது

காபோ பிளாங்கோ மங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பசிபிக்கின் மறுகோடியில் இன்னொரு இடம் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரில் குடியேறிய அமெரிக்கர் ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்ட், பெரும் பவளத்திட்டின் வெளி ஓரத்தில் பெரிய கருப்பு மார்லின்கள் இருக்கின்றன என்று நம்பி ‘சீ பேபி’ என்ற படகோடு தேடினார். 1966 செப்டம்பரில் அவர் படகில் ரிச்சர்ட் ஓபாக் 1,064 பவுண்டு மீனை 80 பவுண்டு நரம்பில் பிடித்தார். அதற்குப் பிறகு உலகத்தின் பார்வை அங்கே போனது. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, ரிப்பன் திட்டுகளை ஒட்டி, லிசர்ட் தீவு வரை இந்த மீன்பிடி நடக்கிறது. பெரிய பெண்மீன்கள் முட்டையிட அங்கே வருகின்றன.

ஆயிரம் பவுண்டு மார்லின்கள் கெய்ர்ன்ஸில் இன்றும் கிடைக்கின்றன. இரண்டு விஷயங்கள் வேறாக நடந்தன. ஒன்று, பிடித்த மீனில் மிகப் பெரும்பாலானவற்றை அடையாளம் குத்தி விட்டுவிடும் பழக்கம் படகோட்டிகளிடமே வேரூன்றியது. இரண்டு, 1998இலிருந்து ஆஸ்திரேலியக் கடலில் வணிகக் கப்பல்கள் கருப்பு, நீல மார்லின்களை வைத்துக்கொள்ள முடியாது. மாட்டினால் விட்டுவிட வேண்டும். திறந்த பசிபிக்கில் அவற்றுக்கு இன்னும் ஆபத்து உண்டு, ஆனால் முட்டையிடும் இடத்திலாவது ஒரு வேலி இருக்கிறது. காபோ பிளாங்கோவில் 1950களில் அப்படி யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கே பிடித்த பெரிய மீனெல்லாம் தராசுக்குப் போனது, படம் எடுக்கப்பட்டது.

கிளாசலின் சாதனை இன்னும் உடையாததற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறது. உச்ச எடைச் சாதனைக்கு மீனைக் கரைக்குக் கொண்டுவந்து முத்திரையிட்ட தராசில் நிறுத்த வேண்டும், அதாவது கொல்ல வேண்டும். விட்டுவிடும் மீனுக்கு நீளத்தையும் சுற்றளவையும் வைத்து மதிப்பிடும் சூத்திரம் ஒன்று உண்டு: சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுக்க வேண்டும், அளவு அங்குலத்தில், விடை பவுண்டில். கிளாசலின் மீனுக்கே போட்டுப் பாருங்கள். 81 அங்குலச் சுற்றளவு, 174 அங்குல நீளம். ஏறக்குறைய 1,427 பவுண்டு வருகிறது. நீளத்தில் ஈட்டி மூக்கும் சேர்ந்திருந்தால் இன்னும் குறையும். உண்மை எடையோ 1,560. இவ்வளவு பிசகு உள்ள சூத்திரத்தை வைத்துச் சாதனை எழுத முடியாது. ஆகவே 1,560ஐத் தாண்டிய மீனை யாராவது பிடித்து, அளக்காமல் விட்டிருந்தால் அது எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இன்றைய காபோ பிளாங்கோ

ஊர் இருக்கிறது, மீனவர்கள் இருக்கிறார்கள். காபோ பிளாங்கோ, எல் நியூரோ ஊர்களின் பாய்மரப் படகு மீன்பிடியைப் பெரு அரசு 2018இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. கரையிலிருந்து 5 கடல் மைல் வரை சிறு மீனவர்களுக்கு என்று பெருவில் சட்டம் உண்டு, பெரிய படகுகள் அதை மீறுவது அங்கே நெடுநாள் சண்டை. 2024 ஏப்ரலில் கிராவு வெப்பமண்டலக் கடல் தேசியக் காப்பகம் உருவானது. மொத்தம் 1.15 லட்சம் ஹெக்டேருக்குச் சற்றே அதிகமான அதன் நான்கு பகுதிகளில் ஒன்று காபோ பிளாங்கோ - எல் நியூரோ கடல். எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்கெனவே இருந்த உரிமைகளைக் காப்பகம் ரத்து செய்யவில்லை என்ற மனக்குறை சூழலியலாளர்களிடம் இருக்கிறது, நியாயமான மனக்குறைதான்.

விளையாட்டு மீன்பிடிப் பயணங்களும் சிறிய அளவில் திரும்பியிருக்கின்றன. சூரையும் வரி மார்லினும் கிடைக்கும், அவ்வப்போது கருப்பு மார்லினும் தலைகாட்டுகிறது. அங்கேயோ கெய்ர்ன்ஸுக்கோ போக நினைக்கிறவர்கள் படகு பேசும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இயற்கை இரைக்கு வட்ட முள் போடுவார்களா? சாதாரண முள் வயிற்றுக்குள் போய்க் குத்தும், வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். படம் எடுப்பதற்காக மீனை நீரை விட்டுத் தூக்குவார்களா? தூக்குவோம் என்றால் வேறு படகு பாருங்கள், அந்த எடை நீருக்கு வெளியே தன் உள்ளுறுப்பையே நசுக்கும். கடைசியாக, களைத்த மீனை உடனே கைவிட்டுவிடுவார்களா, அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு படகை மெல்ல முன்னே நகர்த்தி, செவுளில் நீர் ஓடவிட்டு, அது தானாக வாலை அடிக்கும்வரை காத்திருப்பார்களா? பெரிய மீனுக்கு இது பத்து இருபது நிமிடம்கூட ஆகலாம். அதற்குப் பொறுமையில்லாத படகோட்டியிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.